ஆணி அடித்தும் அடங்காதவள்

மலேசியாவில் சுங்கை பாக்காப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பேய் இலக்கணம் அத்துப்படி. நம்மூர்ப் பேய் என்றால் முடியை வெட்டிப் புளியமரத்தில் ஆணி அடிக்க வேண்டும். மலாய்க்காரர்களின் பொந்தியானாக் என்றால் அவள் பிடரியிலேயே அடிக்க வேண்டும். அடித்தால் அழகான, அடக்கமான மனைவி. பிடுங்கினால் பழையபடி இரத்தக் காட்டேரி. ஆணிக்குக் கல்யாணத் தரகர் வேலை!

சினிமா வந்தது; இலக்கணம் போனது. 1957இல் பி.என். ராவ், தமிழில் 'சாலிவாகனன்' எடுத்த அதே மனிதர்தான், சிங்கப்பூரில் 'பொந்தியானாக்' எடுத்தார். அதில் அழகியாக மாறும் நாயகி மரியா மெனாடோவுக்கு ஒரே நிபந்தனை: இரத்தம் நாவில் படக்கூடாது. காட்டேரிக்குப் புரட்டாசி விரதம்! பாம்பு கடித்த புருஷனின் விஷத்தை உறிஞ்சியதில் விரதம் முறிந்தது.

அத்தோடு கதை முடிந்ததா? அதே ஆண்டு பழிவாங்க வந்தாள்; 1958இல் சாபத்தோடு வந்தாள்; 1963இல் 'மீண்டும்' என்று தலைப்பிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். படத்துக்குப் படம் சட்டம் வேறு. வசூல் மட்டும் மாறாத விதி.

ஒட்டுக்கடையில் தே தாரேக் ஆற்றிக்கொண்டே ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார்: "ஆணியில குறையில்ல தம்பி. அடிச்சது தயாரிப்பாளரு. அவரு எப்பவும் பாதிதான் அடிப்பாரு."