கயிற்றின் மறுமுனை: பெங்களூரில் குதிரைப் படகு இன்மை குறித்து ஓர் ஆய்வு

இக்கட்டுரை என் நுதலிற்றோ எனின், கரையில் குதிரை நடக்க, அதன் பின்னே கயிற்றில் படகு வர, ஒரு பகல் முழுக்க ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும் உல்லாசம் பெங்களூருக்கு ஏன் வாய்க்கவில்லை என்று ஆராய்தல் நுதலிற்று.

பிரிட்டனில் டிவர்ட்டன், லங்காத்லன் போன்ற சில ஊர்களில் இந்த உல்லாசம் பெயர்பெற்றது. சாலையில் ஓரிரு டன் வண்டியை இழுக்கத் திணறும் குதிரை, தேங்கிய நீரில் முப்பது டன் படகை நிதானமாக இழுத்துவிடும். நிபந்தனை ஒன்றுதான்: அவசரப்படக் கூடாது. வேகம் கூடக் கூட நீரின் எதிர்ப்பு பன்மடங்காகும். ஆகவே சோம்பல் இங்கே பயணியின் குணம் அன்று, இயற்பியலின் கட்டளை என்று கொள்க. கரைப்பாதை இல்லாத சுரங்கங்களில் மட்டும் குதிரையை அவிழ்த்து மலைமேல் ஓட்டிவிட்டு, ஆட்கள் படகில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்தே படகை நகர்த்தினார்களாம். இது விதிவிலக்கு.

இனிப் பெங்களூர். இந்நகரில் ஆறு இல்லை என்பார் உண்டு. அவர்கள் ராஜகாலுவேக்களைக் கணக்கில் கொள்ளாதவர்கள். ஏரிக்கு ஏரி நீர் கடத்திய இக்கால்வாய்களின் மொத்த நீளம் 800 கி.மீ.க்கு மேல். சென்னை வழியாக ஓடும் பக்கிங்காம் கால்வாயே சுமார் 420 கி.மீ.தான். எனவே நீளத்தில் நாம் ஏறக்குறைய இருமடங்கு பக்கிங்காம். குதிரைக்கும் குறைவில்லை, நடு நகரிலேயே ரேஸ் கோர்ஸ் இருக்கிறது. குதிரை நடக்கக் கரைப்பாதை? அதுவும் உண்டு. 2015-க்கான நகரத் திட்டம் முதன்மைக் கால்வாய்க்கு 50 மீட்டர் இடம் விடச் சொல்கிறது. அந்த இடத்தில் தற்சமயம் அடுக்குமாடிகள் நிற்பதால், குதிரை லிஃப்டில் ஏறி இறங்க வேண்டியிருக்கும். அவ்வளவுதான்.

வழித்தடமும் தயார். அல்சூர் ஏரியில் ஏறலாம். அங்கே படகுச் சவாரி ஏற்கெனவே நடந்ததுண்டு. உபரிநீர் போகும் வழியே பெல்லந்தூர், அங்கிருந்து வர்த்தூர், பிறகு தென்பெண்ணையில் கலந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணை. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததும் தீப்பிடித்ததும் உண்டு என்பதால் படகில் தீயணைப்பான் கட்டாயம். நுரை கெலவரப்பள்ளி வரை கூடவே வரும் என்பதால் இயற்கைக் காட்சி பற்றிய புகார் எழாது.

அற்றேல், அதே நீரோடு கடலூர் வரை போகலாமே எனின், போகலாம். ஆனால் பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருக்கிறது. படகைப் படிப்படியாக இறக்க, இருபுறமும் கதவுள்ள தொட்டிகள் வேண்டும். இங்கிலாந்தின் கேன் ஹில் சரிவில் 72 மீட்டருக்கு 29 தொட்டிகள். அந்தக் கணக்கில் நமக்கு 363. ஒவ்வொரு கதவிலும் டோல் வசூலித்தால் நகருக்குத் தனி பட்ஜெட்டே தேவைப்படாது. எல்லை தாண்டும் இடத்தில் குதிரைக்கு யார் கொள்ளு வைப்பது என்பதை மட்டும் நதிநீர் நடுவர் மன்றத்துக்கு விட்டுவிடலாம்.

இங்கே எதிர்வாதி எழுவார்: வசதி இல்லாத பெங்களூரை விடும், வசதி இருந்த பக்கிங்காம் கால்வாயில் குதிரை ஏன் இல்லை? நல்ல கேள்வி. 1876–78 பஞ்சத்தில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. வெட்டியவர்கள் நிவாரணக் கூலிக்கு வந்த பசித்தவர்கள். பெயர் மட்டும் அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனுடையது. விறகும் உப்பும் நெல்லும் அதில் போயின. காற்று இருந்தால் பாய், ஆழம் குறைந்தால் கழி, இரண்டும் உதவாதபோது கயிறு. கயிற்றை இழுத்தவன் படகுக்காரன். 1930களில் நண்பர்களோடு இக்கால்வாய் வழியே மாமல்லபுரம் போன பாரதிதாசன், கரையில் கயிறு இழுத்து நடந்தவர்கள் பட்ட பாட்டை 'மாவலிபுரச் செலவு' கவிதையில் பதிவு செய்திருக்கிறார். குதிரைக்கு லாடம், லாயம், கொள்ளு. நொண்டினால் ஓய்வும் தர வேண்டும். ஆளுக்கு இவற்றில் எதுவும் கேட்கப்படவில்லை. குதிரை வராததற்குக் காரணம் கால்நடை மருத்துவம் சார்ந்தது அல்ல, கணக்குப்பிள்ளை சார்ந்தது.

ஆய்வு இத்துடன் முடிந்திருக்கும், 2022 செப்டம்பரில் கள ஆய்வுக்கு நகரமே ஒத்துழைத்திராவிட்டால். ஒரே இரவின் மழையில் ராஜகாலுவேக்கள் தம் பழைய இடத்தை மீட்டுக்கொண்டன. வெளிவட்டச் சாலையில் ஐ.டி. ஊழியர்கள் லேப்டாப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு டிராக்டரில் அலுவலகம் போனார்கள். பிரிட்டனில் ஒரு குதிரை செய்த வேலைக்கு இங்கே நாற்பது ஐம்பது குதிரைத்திறன் தேவைப்பட்டது; சாலைக் குழிகளைக் கருதினால் இது மிகையன்று. டிராக்டர் கயிறு இழுக்கவில்லை, பெட்டியைத்தான் இழுத்தது என்று பிடிவாதக்காரர் மறுக்கக்கூடும். அவர்களை அதே வெள்ளத்தில் மூழ்கிய ஏமலூருக்கு அழைக்கிறேன்.

ஏமலூரில் கோடி ரூபாய் பங்களாக்களின் வாசலுக்கே ரப்பர் படகு வந்தது. மீட்புப் பணியாளர்கள் நீருக்குள் நடந்தபடி அதை இழுத்தார்கள். பயணியர் பட்டியலில் குழந்தைகள், முதியவர்கள் தவிர, விலை உயர்ந்த சாதி நாய்களும் உண்டு. டிவர்ட்டன் மரபில் விலங்கு இழுக்கும், மனிதர் அமர்வர். பெங்களூர் மரபில் மனிதர் இழுப்பர், விலங்கும் அமரும். இவ்விரண்டையும் ஒரே வகைப்பாட்டில் அடக்க முடியாது என்பதால், பின்னதற்குத் தனி உட்பிரிவு தர அறிஞர் குழுவை வேண்டுகிறேன்.