குப்புறப் படுக்கும் கலை

நீர்ப்பறவையை அதன் கண்மட்டத்தில் படமெடுத்தால் பின்னணி மங்கி, பறவை மட்டும் எடுப்பாக நிற்கும். நின்றபடி எடுத்தால் முதுகும் சேறும்தான் மிச்சம். ஆகவே கீரனூர்ப் பக்கத்துக் குளங்களில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் 600 மி.மீ. லென்ஸோடு கரையோரம் குப்புறப் படுப்பதே முறை. சீமைக்கருவேல முள் முழங்கையைப் பதம் பார்க்கும். ஆடு மேய்ப்பவர், "என்ன தம்பி, மயக்கமா?" என்று பதறி ஓடி வருவார், நெடுங்கால் உள்ளான் பறந்துவிடும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய இலை நிறச் சட்டையை எந்தப் பறவையும் மதிப்பதில்லை. எருமையை மதிக்கும், அதன் காலடியிலேயே உண்ணிக்கொக்கு பூச்சி பொறுக்கும். எருமைக்குத்தான் படமெடுக்கும் ஆசையில்லை. கூட்டருகே மட்டும் தவழ வேண்டாம்: தாய் எழுந்தால் முட்டை காக்கைக்கு.