ஊரே பார்த்த கூரை

இர்விங், டெக்சஸ்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

ரவி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் நால்வரும் நலம். கூரைதான் நலமில்லை.

நான் போனில் சொன்னதை நீங்கள் நம்பவில்லை என்று சித்தி சொன்னார்கள். “கூரையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஏணி போதாதா? அதற்குப் போய் ஆகாயத்தில் ஒன்றைப் பறக்கவிடுவார்களா?” என்று கேட்டீர்களாம். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர் கேட்கவேண்டிய கேள்விதான். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் இந்தக் கூரை என்ன சாமானில் கட்டியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படக் கூடாது. போட்டோவைப் பார்த்து, “பரவாயில்லை, செங்கல் வீடு” என்று சந்தோஷப்பட்டீர்கள். அந்தச் செங்கல் வெளிப் பார்வைக்கு ஒரே ஒரு வரிசை. அதற்கு உள்ளே முழுக்க மரச்சட்டம். மேலே போகப் போக இன்னும் மோசம். சட்டத்தின் மேல், மரச்சில்லுகளைப் பசைபோட்டு அழுத்திய பலகை. பலகை மேல் ஒரு விரிப்பு. அதற்கு மேல் ஷிங்கிள். கண்ணாடி இழைப் பாயைத் தாரில் தோய்த்து, மேலே கல் குருணையைத் தூவி, அட்டை அட்டையாக வெட்டினால் அதுதான் ஷிங்கிள். அதை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி ஆணி அடித்துவிடுகிறார்கள். கம்பி கிடையாது, ஜல்லி கிடையாது, தட்டோடு கிடையாது. இதற்கு முப்பது வருஷக் கடன்.

சரிவோ பயங்கரம். பன்னிரண்டு அங்குலம் தள்ளினால் பத்து அங்குலம் ஏறும். அதுவும் இரண்டாவது மாடிக்கு மேலே, பிடித்துக்கொள்ளக் கைப்பிடிச் சுவர்கூட இல்லாமல். போன முறை அம்மா வந்திருந்தபோது வடாம் பிழியலாம் என்று ஜவ்வரிசியைக் கிண்டிவைத்துவிட்டு, மாடிக்கு மேலே போகும் படிக்கட்டைத் தேடினாள். ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். துணி அலமாரி, ஏ.சி. எந்திரம், இன்னொரு துணி அலமாரி. “இவ்வளவு காசு கொடுத்து வாங்கின வீட்டில் மேலே போக வழி இல்லையாடா?” என்றாள். இல்லை. வடாம் கடைசியில் கார் மேல் காய்ந்தது.

இந்த ஊரில் வீட்டுக்காரன் தன் கூரையைப் பார்ப்பதே இல்லை சித்தப்பா. தெருவில் நின்றால் முன்பக்கச் சரிவு கொஞ்சம் தெரியும், அவ்வளவுதான். பார்க்கிறவர்களெல்லாம் மற்றவர்கள். அது எப்படி என்பதுதான் இந்தக் கடிதம்.

சென்ற மாதம் இங்கே ஆலங்கட்டி மழை. நம் ஊரில் எப்போதாவது விழுந்தால் குழந்தைகள் பொறுக்கி வாயில் போட்டுக்கொள்ளும் சமாசாரம் இல்லை இது. வசந்த காலம் வந்தால் வடக்கு டெக்சஸ்காரர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே காரை ஷெட்டுக்குள் விடுவார்கள். டிவியில் வானிலை சொல்பவர் அங்குலத்தில் ஆரம்பித்தாலும் முடிப்பது பந்துக் கணக்கில். ஓர் அங்குலம் என்றால் கால் டாலர் நாணயம். கடும் புயல் என்று எச்சரிப்பதே அங்கிருந்துதான். அதற்கு மேல் பிங்பாங் பந்து, கோல்ஃப் பந்து, டென்னிஸ் பந்து, பேஸ்பால், சாஃப்ட்பால். பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்தில் 1995 மே 5ஆம் தேதி, ஊரே வெட்டவெளியில் கூடித் திருவிழா கொண்டாடிக்கொண்டிருந்தபோது சாஃப்ட்பால் அளவில் கொட்டியதை இன்னும் பேசுகிறார்கள். நாட்டிலேயே பெரியது 2010இல் சவுத் டகோட்டாவில் விழுந்தது. எட்டு அங்குல விட்டம், கிட்டத்தட்ட 900 கிராம். எங்கள் தெருவுக்குக் கோல்ஃப் பந்துதான் அளந்திருந்தது. பத்து நிமிஷம். சத்தத்தில் பேச முடியவில்லை. பிள்ளைகள் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான்.

மழை நின்று வாசல் காய்வதற்குள் அழைப்பு மணி அடித்தது. கூரைக் கம்பெனிக்காரர்கள். ஆலங்கட்டி எங்கே விழுகிறதோ அங்கே மறுநாள் இவர்கள் ஆஜர். வேறு மாநிலங்களிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். “உங்கள் கூரையை இலவசமாகப் பார்த்துத் தருகிறோம்” என்பதுதான் முதல் வாக்கியம். முன்பெல்லாம் வண்டி மேல் ஏணி இருக்கும். இப்போது கையில் ஒரு சின்னப் பெட்டி. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம் என்று பாட்டி சொல்வாள் அல்லவா? இங்கே அது பழிச்சொல்லே இல்லை, தொழில் முறை. கூரை ஏறினால் வழுக்கும், விழுந்தால் வழக்கு வரும். வானம் ஏறுவது சுலபம்.

வந்த பையனுக்கு என் தம்பி மகன் வயதுதான் இருக்கும். பெட்டியிலிருந்து எடுத்தது நாலு இறக்கை வைத்த சாமான், கால் கிலோகூட இல்லை. “இதற்கெல்லாம் லைசென்ஸ் உண்டா?” என்று கேட்டேன், நீங்கள் கேட்பீர்கள் என்று தெரிந்து. உண்டாம். மத்திய விமானத் துறை 2016இல் விதி போட்டிருக்கிறது. பதினாறு வயது முடிந்திருந்தால் போதும். 60 கேள்விகள், 70 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. ட்ரோனைப் பதிவு செய்ய 5 டாலர். 400 அடிக்கு மேல் போகக் கூடாது, கண் பார்வையை விட்டுப் போகக் கூடாது. எல்லாம் சரி, ஓட்டிக் காட்டச் சொல்லிப் பரீட்சை வைப்பார்களா என்றால், அது கிடையாதாம். நம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் டிவிஎஸ் ஃபிப்டிக்கே எட்டுப் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். ஆகாயத்தில் விடுகிறவனை ஒரு வட்டம்கூடப் போடச் சொல்லவில்லை.

எங்கள் வீடு டாலஸ் பெரிய விமான நிலையத்துக்குப் பக்கம் என்பதால் அவன் முதலில் போனில் அனுமதி கேட்டான். சில விநாடிகளில் வந்துவிட்டது. என் வீட்டுக் கூரையை என் அனுமதியோடு பார்ப்பதற்கு அரசாங்கத்திடம் இன்னோர் அனுமதி!

அது ஏறியது. ஒரு பெரிய வண்டு ரீங்காரம். தெரு முழுக்கக் கதவு திறந்தது. எதிர்வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்றவர். வீட்டில் துப்பாக்கிகளுக்கென்றே ஒரு அலமாரி வைத்திருப்பவர். “என் வேலிக்கு மேலே வந்தால் சுட்டுவிடுவேன்” என்றார். பையன் பதறவில்லை. ட்ரோனும் சட்டப்படி விமானம்தான், அதைச் சுட்டால் விமானத்தைச் சுட்ட குற்றம் என்று மரியாதையாகச் சொன்னான். பெரியவர் யோசித்துவிட்டு, தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயை எடுத்து வைத்துக்கொண்டார். அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதா என்று பையனுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றினான்.

உண்மையில் எதிர்த்தது மாக்கிங் பேர்ட்தான். டெக்சஸின் மாநிலப் பறவை. மைனா அளவுதான், ஆனால் கூடு கட்டியிருக்கும் பருவத்தில் பூனையையும் தபால்காரரையும் தலையில் கொத்தும். எங்கள் ஓக் மரத்திலிருந்து ஒன்று அம்பாகக் கிளம்பி ட்ரோனை விரட்டியது. லைசென்ஸ் பெற்ற விமானி “ஓ மை காட்” என்றபடி இறக்கிவிட்டான். பறவை கூரை முகட்டில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பாடியது. இரண்டாம் முறை மரத்துக்கு எதிர்ப்பக்கமாக ஏற்றினான்.

அப்போதுதான் சித்தப்பா, அவன் கையிலிருந்த திரையில் என் கூரையை நான் முதன்முதலாகப் பார்த்தேன். வாங்கும்போதுகூடப் பார்க்கவில்லை, இன்ஸ்பெக்டர் அறிக்கையில் ‘நன்று’ என்று இருந்தது, கையெழுத்துப் போட்டேன். இப்போது பார்த்தால் அங்கே ஒரு தனி உலகம். தண்ணீர்ப் பள்ளத்தில் இலைக் குப்பை. பழைய வீட்டுக்காரர் விட்டுப் போன டிஷ் ஆன்டெனா. மகன் “தொலையவில்லை, யாரோ எடுத்துட்டாங்க” என்று சாதித்த டேப் சுற்றிய கிரிக்கெட் பந்து, அதன் பக்கத்தில் இரண்டு இறகுப் பந்துகள். உங்கள் மருமகளின் கண் பட்டது புகைபோக்கி ஓரத்தில் கிடந்த ஒற்றை ஹவாய் செருப்பின் மேல். அது எங்கள் வீட்டுச் செருப்பே இல்லை. எப்படி வந்தது என்ற விசாரணை இன்னும் நடக்கிறது.

பையன் இதையெல்லாம் பார்க்கவில்லை. அவனுக்கு வேண்டியது கருப்புப் பொட்டுகள். ஆலங்கட்டி விழுந்த இடத்தில் கல் குருணை உதிர்ந்து உள்ளே இருக்கும் தார் தெரியும். குருணை போனால் வெயில் தாரைத் தின்றுவிடும். இன்று ஒழுகாது, மூன்றாவது கோடையில் ஒழுகும். ஷிங்கிள் பொய் சொன்னாலும் தகரம் பொய் சொல்லாது என்பது இவர்கள் வேதம். அதனால் காற்றுப்போக்கித் தகர மூடிகள், மழைநீர்க் கால்வாய் எல்லாவற்றையும் கிட்டே போய் எடுத்தான். எல்லாவற்றிலும் பள்ளம்.

படத்திலிருந்து கணினி தானாகவே கூரையை அளந்து கொடுத்ததுதான் உங்களை வியக்க வைக்கும். ஒவ்வொரு சரிவின் பரப்பு, முகட்டு நீளம், சரிவுகள் சேரும் பள்ளத்தின் நீளம், வாட்டம், எல்லாம் அங்குல சுத்தமாக. இங்கே நூறு சதுர அடியை ஒரு ஸ்கொயர் என்கிறார்கள். டேப் பிடிக்க ஆள் இல்லை, மஸ்தூர் இல்லை, அளவுப் புத்தகத்தில் திருத்தல் இல்லை. உங்கள் சர்வீஸில் இது வந்திருந்தால் எத்தனை கான்ட்ராக்டர்கள் மடத்தில் சேர்ந்திருப்பார்கள்!

அடுத்து இன்சூரன்ஸ். அவர்களும் ஆள் அனுப்பவில்லை, தங்கள் ட்ரோனைத்தான் அனுப்பினார்கள். ஒரே ஜாதகத்தை இரண்டு ஜோசியரிடம் கொடுத்த கதையாகிவிட்டது. கூரைக் கம்பெனி ட்ரோனுக்கு நாலு பக்கமும் நாசம். இன்சூரன்ஸ் ட்ரோனுக்கு, மேற்குச் சரிவில் “வயதுக்கேற்ற இயல்பான தேய்மானம்”. இரண்டும் பறந்தது ஒரே ஆகாயம். சம்பளம் கொடுத்தவர்தான் வேறு.

இதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. ட்ரோனுக்குக் கண் இருக்கிறது, விரல் இல்லை. ஆலங்கட்டி பட்ட ஷிங்கிள் மேலே அதிகம் தெரியாமல் உள்ளே பாய் முறிந்திருக்கும். பழுத்த மாம்பழத்தை அமுக்கிப் பார்க்கிற மாதிரி விரலால் அமுக்கினால்தான் தெரியும். வெயிலில் தானே பொக்குளம் விட்டு உதிர்ந்த இடமும் மேலேயிருந்து பார்த்தால் ஆலங்கட்டிக் காயமாகவே தெரியும். ஆக, பெரிய செலவு என்று வந்தால் மனுஷன் ஏறித்தான் ஆகவேண்டும். நான் மறுபரிசோதனை கேட்டு எழுதினேன். அடியில் பஞ்சு வைத்த பூட்ஸ் போட்ட ஒரு பெண்மணி வந்தார். ஏணி வைத்துப் படபடவென்று ஏறி, ஒவ்வொரு சரிவிலும் சாக்பீஸால் பத்தடிக்குப் பத்தடி கட்டம் போட்டு, உள்ளே விழுந்த அடிகளை வட்டமிட்டு எண்ணினார். எதிர்வீட்டுப் பெரியவர் அவருக்கு எலுமிச்சை ஜூஸ் கொண்டுவந்து கொடுத்தார். ட்ரோனுக்குக் குழாய், இவருக்கு ஜூஸ். முழுக் கூரையும் மாற்றலாம் என்று எழுதிவிட்டுப் போனார்.

மாற்றலாம் என்றால் முழுப் பணமும் வரும் என்று நினைக்காதீர்கள். ஆலங்கட்டிக்கு என்று தனிக் கழிவு: வீட்டின் இன்சூரன்ஸ் மதிப்பில் இரண்டு சதவீதம் நம் கையிலிருந்து. நாலு லட்சம் டாலர் என்றால் எட்டாயிரம். முன்பெல்லாம் கூரைக்காரர்களே “அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று பில்லை ஊதிவிடுவார்களாம். 2019 செப்டம்பர் முதல் டெக்சஸில் அப்படிச் சலுகை கொடுப்பதைக் குற்றமாக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டு குஜராத்தி அண்ணனுக்கு இதைவிட வேதனை. அவர் கூரையில் ஒரு அடிகூட இல்லை. ஆனால் ஆகாயத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து அவருடைய கம்பெனி கடிதம் போட்டிருக்கிறது: மரக்கிளை கூரையைத் தொடுகிறது, வெட்டாவிட்டால் பாலிசி புதுப்பிக்கமாட்டோம் என்று. படத்தை எப்போது, யார், எதிலிருந்து எடுத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. அன்று கொடியில் என்னென்ன துணி காய்ந்தது என்பதுதான் அண்ணியின் கவலை.

இந்த முறை கெட்டி ஷிங்கிள் போடுகிறோம். இரண்டு அங்குல இரும்புக் குண்டை இருபது அடி உயரத்திலிருந்து ஒரே இடத்தில் இரண்டு தடவை போட்டும் விரிசல் விடாவிட்டால்தான் அதற்கு நாலாம் தரச் சான்று. பிரீமியத்திலும் கொஞ்சம் குறைப்பார்கள். ஆட்கள் பெரும்பாலும் மெக்சிகோக்காரர்கள். விடியற்காலை வந்து, பழையதைப் பிய்த்து, புதியதை அடித்து, சாயங்காலம் சக்கரம் வைத்த காந்தத்தைப் புல்தரையில் உருட்டி ஆணி பொறுக்கிவிட்டுப் போய்விடுவார்களாம். ஒரே நாள். உங்கள் சென்ட்ரிங் பிரிக்கவே அதைவிட நாளாகும்.

ஆரம்பிக்க ஒரே தடை. எங்கள் குடியிருப்புச் சங்கம் நிறத்துக்கு அனுமதி தரவேண்டும். புத்தம்புதுக் கூரைக்கு அவர்கள் ஒப்புக்கொள்ளும் நிறங்கள்: மழையில் மக்கிய மரம், மரப்பட்டை, கரி, ஆற்றில் ஒதுங்கிய கட்டை. நாலையும் படம் எடுத்துச் சித்தியின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுக் கேட்டுக்கு நிறம் சொன்னது சித்திதானே. வெள்ளிக்கிழமைக்குள் மனுக் கொடுக்கவேண்டும், அதனால் உடனே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். சந்தனக் கலர் இல்லையா என்று கேட்பார்கள். இல்லை, நான் கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
ரவி