பதின்மூன்றாம் வாயில்: வீட்டு புரோக்கர் குறித்த ஓர் ஆராய்ச்சி

தலைவனுக்கும் தலைவிக்கும் நடுவே போய்வரும் வாயில்கள் பன்னிரண்டு என்று தொல்காப்பியர் கற்பியலில் கணக்குச் சொல்லி முடித்துவிட்டார். தோழி உண்டு, பாங்கன் உண்டு, பாணன் உண்டு, வழியில் கண்டவர்கள்கூட உண்டு. வீட்டு புரோக்கர் இல்லை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இந்த விடுபாட்டைத் தொடவே இல்லை. அவர்கள் காலத்தில் சார்பதிவாளர் அலுவலகம் இல்லாதது காரணமாக இருக்கலாம். விற்கத் துடிக்கும் வீட்டுக்காரரையும் வாங்கத் தயங்கும் பார்ட்டியையும் சந்திக்க வைத்து, ஊடல் தீர்த்து, பத்திரப்பதிவில் கொண்டுபோய் நிறுத்தும் இவரைப் பதின்மூன்றாம் வாயிலாக நிறுவுவதும், அவருள் நல்லவரைத் தேர்வது எப்படி என்று காண்பதும் இவ்வாய்வின் நோக்கம். ஆய்வு எல்லை சென்னையும் புறநகரும். வாடகைக்கு வீடு பிடித்துத் தருபவர்கள் எல்லைக்குப் புறம்பு. அவர்களுக்குத் தனி நூல் வேண்டும்.

முதற்பொருளை முதலில் பார்த்துவிடுவோம். நிலம்: டீக்கடை, சார்பதிவாளர் அலுவலகத்து மரநிழல், இப்போது வாட்ஸ்அப் குழு. பெரும்பொழுது: தையும் ஆவணியும். ஆடியிலும் மார்கழியிலும் பதிவு மந்தம். ஆடிப்பெருக்கு மட்டும் புறனடை. அன்றைக்குப் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் ஒதுக்குகிறது. உரிப்பொருள், வீட்டுக்காரரைப் பொறுத்தவரை, இருத்தலும் இருத்தல் நிமித்தமும்.

இனி வகைமை. ஒருவர் வாசலில் பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொல்வார்: "சார், பார்ட்டி கையில கேஷோட நிக்கிறாரு. வீட்டைப் பார்க்கவே வேணாம், தொண்ணூத்தஞ்சுக்கு முடிச்சிடலாம்." இன்னொருவர் உள்ளே வருவார், ஹாலைப் பார்த்து வியக்க மாட்டார். மொட்டை மாடிக்குப் போய்த் தளத்தில் ஓதம் இருக்கிறதா என்று பார்ப்பார். ரோடு எத்தனை அடி, மெட்ரோ வாட்டரா போரா, பட்டா தனியா கூட்டா, தாய்ப்பத்திரம் கையில் இருக்கிறதா பேங்கில் இருக்கிறதா, அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்றிதழ் வாங்கியாயிற்றா, தங்கை கையெழுத்துப் போடுவார்களா என்று வரிசையாகக் கேட்பார். கடைசியில் உங்கள் மனம் நோகும்படி ஒரு விலை சொல்வார்: "எண்பதுதான் சார் போகும்." முதலாமவரை எல்லாருக்கும் பிடிக்கும். எமக்கு இரண்டாமவர் மேல்தான் மதிப்பு. அதற்கான காரணம் கணக்கில் இருக்கிறது.

வீடு எண்பது லட்சம், கமிஷன் ஒரு சதவீதம் என்று கொள்க. (இரண்டு கேட்பாரும் உளர்; பேசினால் குறைவதும் உண்டு.) புரோக்கருக்குக் கிடைப்பது 80,000 ரூபாய். இரண்டு மாதம் பொறுத்து, நாலு பார்ட்டியை அழைத்துவந்து, எண்பத்தைந்துக்கு விற்றுத் தந்தால் உங்களுக்கு ஐந்து லட்சம் கூடும். அவருக்குக் கூடுவது ஐயாயிரம். ஐயாயிரத்துக்காக எந்த மனிதர் இரண்டு மாதம் பொறுப்பார்? பழி புரோக்கர் மேல் இல்லை, சதவீதத்தின் மேல். ஆகவே தொண்ணூற்றைந்து என்பது உங்கள் வீட்டின் விலை அன்று. உங்கள் வீட்டு வேலையைப் பிடிப்பதற்கான விலை. சாவி கைக்கு வந்து மூன்று வாரம் ஆனதும் "மார்க்கெட் டல் சார்" என்ற தொடர் கேட்கும். அடுத்த மாதம் எழுபத்தெட்டுக்கு நீங்களே இறங்குவீர்கள்.

இதற்குச் சோதனை ஒன்று உண்டு. உங்கள் தெருவில் கடைசியாகக் கைமாறிய வீடு எது, என்ன விலை என்று கேளுங்கள். தொழில் செய்பவருக்குத் தெரிந்திருக்கும். பதில் வந்ததும் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைப் போட்டுப் பாருங்கள். ஆவண எண்ணும் தொகையும் அதில் இருக்கும். பத்திரத்தில் எழுதிய விலையும் கைமாறிய விலையும் ஒன்றாக இராது என்பது ஊரறிந்த பாடபேதம். ஆனாலும் அப்படி ஒரு விற்பனை நடந்ததா இல்லையா என்பதாவது தெரிந்துவிடும்.

"பத்து பேர்கிட்ட சொல்லி வைப்போம், எவனாவது கொண்டாருவான்" என்பது மாமாக்கள் மரபு. இம்மரபை யாம் மறுக்கிறோம். பத்து பேரும் ஆளுக்கு ஒரு விலை சொல்வார்கள். ஒரே வீட்டை எண்பது, எண்பத்தெட்டு, தொண்ணூற்றிரண்டு என்று மூன்று வாயில் கேட்ட பார்ட்டி, இதில் ஏதோ வில்லங்கம் என்று நழுவிவிடுவார். தப்பித்தவறிப் பதிவு நடந்தாலோ, காட்டிக்கொடுத்தது நான்தான் என்று நாலு பேர் மரநிழலில் நிற்பார்கள். ஒருவர், மிஞ்சினால் இருவர் போதும்.

"நெட் ரேட்" என்று ஒரு துறை உண்டு. "உங்க கைக்கு எண்பது, மேல வர்றது என்னுது." உரிமையாளருக்குத் தெரியாமல் முகவர் தன் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் பார்த்தால் அந்த லாபத்தை உரிமையாளர் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 216. நீங்களே தலையாட்டிவிட்டால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது. "பவர் எழுதிக் குடுங்க, நானே முடிச்சிடறேன்" என்பவரையும் இத்துறையிலேயே அடக்குக.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. அதன்படி முகவர் பதிவு கட்டாயமாவது, பதிவான புதுத் திட்டங்களில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத் தருவதற்குத்தான். உங்கள் பழைய வீட்டை விற்க அந்தப் பதிவு எண் தேவையில்லை; இருந்தால் நல்லது, அவரைத் தேடிப்பிடிக்க ஒரு முகவரியாவது இருக்கும். டோக்கன் அட்வான்ஸை ரொக்கமாக நீட்டும்போது "செக்கா வாங்குங்க சார்" என்று தடுப்பவர் அதைவிட நல்லவர். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விழலாம். அது விழுவது வாங்கிய உங்கள் தலையில், கொடுத்தவர் தலையில் அன்று.

எனவே வாசகர்களே, முதல் பார்ட்டி வீட்டுப்படி ஏறுவதற்கு முன்பே கமிஷன் எவ்வளவு, எப்போது, யார் யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். பார்ட்டியிடமும் அவர் கமிஷன் வாங்குகிறாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பத்திரம் கேட்டால் ஜெராக்ஸ் கொடுங்கள்; ஒரிஜினல் பீரோவிலேயே இருக்கட்டும்.