ரசீது எங்களுக்கு, சரக்கு யாருக்கோ

மாட்சிமை பொருந்திய என்விடியா சமுகத்திற்கு, சிங்கப்பூரின் பழைய மடிக்கணினிக்காரர்கள் சார்பில் பணிவான விண்ணப்பம்.

2025 அக்டோபரில் தாங்கள் ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசை கிராஃபிக்ஸ் கார்டுகளுக்குக் கடைசி கேம் ரெடி டிரைவரை வழங்கி, இனி 2028 அக்டோபர் வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் மட்டும் வரும் என்று அருளினீர்கள். புதிய விளையாட்டு ஓடுகிறதா, திணறுகிறதா என்பது இனித் தங்கள் கவலையில்லை. சிங்கப்பூர் தங்களுக்கு அந்நிய ஊருமில்லை. 2025 நிதியாண்டில் தங்களுக்கு வந்த 13,050 கோடி அமெரிக்க டாலர் வருமானத்தில் 18 விழுக்காட்டுக்கு ரசீது போட்டது இந்த ஊர் முகவரியில்தான். சரக்காக இங்கே வந்திறங்கியதோ 2 விழுக்காட்டுக்கும் குறைவு என்று தங்கள் ஆண்டறிக்கையே சொல்கிறது. சுமார் 1 விழுக்காடுதான் என்று நாடாளுமன்றத்தில் அமைச்சர் டான் சீ லெங்கும் விளக்கினார். ரசீது எங்களுக்கு, சரக்கு யாருக்கோ! அது பெரிய கம்பெனிகளின் சர்வர் சிப் விவகாரம், ஓட்டை மடிக்கணினிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தங்கள் வழக்கறிஞர் கேட்பார். சம்பந்தம் உண்டு. மடிக்கணினிக்காரனோடு தாங்கள் வைத்திருக்கும் கொடுக்கல் வாங்கலும் வெகுகாலமாக இதே ரகம்தான்.

ஒரு காலத்தில் இப்படி இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2016 ஆகஸ்டில் பாஸ்கல் தலைமுறை, அதாவது அந்த 1000 வரிசை, மடிக்கணினிக்கு வந்தபோது, பெயரின் வாலில் தொங்கிய 'எம்' எழுத்தைத் தாங்கள் வெட்டி எறிந்தீர்கள். மேசைக் கணினிக்கும் மடிக்கணினிக்கும் இனிப் பேதமில்லை என்று பொருள். சும்மா சொல்லக்கூடாது, அன்று அது ஏறக்குறைய உண்மை. ஜிடிஎக்ஸ் 1060-இல் இரண்டு பக்கமும் 1,280 கோர்கள். 1070-இல் மேசைக்கு 1,920, மடிக்கு 2,048. எங்களுக்கு ஒரு கை கூடவே அள்ளி வைத்தீர்கள். மறு ஆண்டே மேக்ஸ்-க்யூ வந்தது: பெயர் அதே, மின்சாரம் மட்டும் குறைவு. 2018-இல் எம்எக்ஸ்150 என்ற ஒரே பெயருக்குள் 25 வாட்டில் ஒன்றும் 10 வாட்டில் ஒன்றும் ஒளிந்திருந்ததை விமர்சகர்கள் கண்டுபிடித்தார்கள். ஒன்றின் அடிப்படை வேகம் 1,468 மெகாஹெர்ட்ஸ், மற்றதில் 937. 2021-இல் ஆர்டிஎக்ஸ் 3080 மடிக்கணினிக்கு வந்தபோது மேசைக்கு 8,704 கோர், மடிக்கு 6,144. 2023-இன் 4090-ஐக் கேட்கவே வேண்டாம்: அங்கே 16,384, இங்கே 9,728. மடிக்கணினியின் 4090-க்குள் இருப்பது மேசைக் கணினியில் 4080 என்று தாங்கள் விற்ற சிப். பெயர் எங்களுக்கு, கோர் யாருக்கோ. ஆக, பெயரும் பொருளும் பெரும்பாலும் ஒத்துப்போன தலைமுறை எதுவோ அதைத்தான் இப்போது வீட்டுக்கு அனுப்புகிறீர்கள்.

சூடு என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஏர்கான் இல்லாத வீவக அறையில் பிற்பகல் முழுவதும் மடிக்கணினியோடு உட்கார்ந்தவர்களுக்கு அதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 450 வாட் கார்டை மடியில் வைத்துக்கொள்ள இங்கே எவரும் ஆசைப்படவில்லை. எங்கள் கோரிக்கை சின்னது: பெயரோடு வாட்டையும் சேர்த்து எழுதுங்கள். ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை போகலாம் என்பது தாங்களே வகுத்த விதி. மூன்று மடங்குக்கும் மேல் இடைவெளி, ஒரே ஸ்டிக்கர்! வாட்டை வெளியிடும்படி தயாரிப்பாளர்களுக்குச் சொல்லியாயிற்று என்பீர்கள். அது விவரப்பட்டியலின் அடியில் கிடக்கும், ஸ்டிக்கர் விசைப்பலகைக்குப் பக்கத்திலேயே மின்னும். தேக்காவிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் சிம் லிம் ஸ்குவேரில், ஒரு விலை சொல்லிக் கைப்பேசியை விற்றுவிட்டு உத்தரவாதத்துக்கென்று பிறகு பணம் கறந்த கடைக்காரர் ஒருவர் 2014-இல் ஊர் சிரிக்க மாட்டினார். 33 மாதம் சிறை. அது மோசடி. தாங்கள் செய்வது சந்தைப்படுத்தல். இந்த வித்தியாசம் எங்களுக்கு நன்றாகவே புரிகிறது.

அடுத்து, ஒன்பது ஆண்டு பராமரித்தோமே என்ற வாதம். கேட்கக் கம்பீரமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது, தாங்கள் மேடையேறி அறிவித்த நாளிலிருந்து எண்ணுகிற ஒன்பது. வாங்கியவன் காசு கொடுத்த நாளிலிருந்து அல்ல. எம்எக்ஸ்330, எம்எக்ஸ்350 இரண்டும் 2020 பிப்ரவரியில் அறிமுகமானவை. உள்ளே இருப்பது அதே பாஸ்கல். கடைசி டிரைவர் வந்தபோது அவற்றுக்கு ஐந்தே முக்கால் ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. ஆண்டு உங்களுக்கு, ஆயுள் யாருக்கோ. இதற்கு முன் கெப்ளர் தலைமுறையில் நடந்ததையும் மறக்கவில்லை: மடிக்கணினிக்கு 2019 ஏப்ரலில் கதவைச் சாத்தினீர்கள், மேசைக் கணினிக்கு 2021 வரை திறந்து வைத்திருந்தீர்கள். மேசைக்காரன் சிம் லிம்முக்குப் போய் வேறு கார்டு வாங்கி மாட்டிக்கொள்வான். எங்கள் கார்டு பலகையோடு பற்றவைத்தது. மாற்றவே முடியாதவனுக்கு முதலில் கையை விரிப்பது என்ன நியாயம்?

பழைய சிப்பால் முடியாது என்பதும் பாதி உண்மைதான். கதிர்வழி ஒளியை (ரே டிரேசிங்) கட்டாயமாக்கிய விளையாட்டுகள் பாஸ்கலில் ஓடாது. அதற்காக யாரும் அழவில்லை. ஆனால் 2023-இல் வந்த ஆலன் வேக் 2 இதே கார்டுகளில் நொண்டியடித்தது; 2024 மார்ச்சில் அதைச் செய்தவர்கள் ஒரு திருத்தம் வெளியிட்டதும் வேகம் கூடியது. அந்த மாதத்தில் சிப்புக்கு ஒன்றும் இளமை திரும்பிவிடவில்லை. மென்பொருளில் யாரோ உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், அவ்வளவுதான்.

அந்த வேலையைத் தாங்கள் செய்யாவிட்டால் போகிறது, செய்ய முன்வருகிறவர்களையாவது விட வேண்டாமா? நூவோ என்ற கட்டற்ற டிரைவரை ஆண்டுக்கணக்கில் எழுதி வருகிறார்கள். தாங்கள் கையெழுத்திட்ட ஃபர்ம்வேர் இல்லாமல் பாஸ்கல் தன் வேகத்தை உயர்த்திக்கொள்ளாது. கணினி எழும்போது இருந்த மந்த வேகத்திலேயே கிடக்கும். 2022 மேயில் தாங்கள் திறந்து கொடுத்த லினக்ஸ் கெர்னல் நிரலும் பாஸ்கலுக்குப் பிந்தைய டூரிங் தலைமுறையிலிருந்து மேலேதான். நீங்களும் பார்க்க மாட்டீர்கள், பார்க்கிறவனுக்கும் சாவி தர மாட்டீர்கள். காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் எங்களையே விடாமல் பூட்டி வைப்பதற்குப் பெயர் பராமரிப்பு அல்ல, அடாவடி. தேசியச் சுற்றுப்புற வாரியக் கணக்கில் இந்தச் சிறு தீவு ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவை வெளியேற்றுகிறது. ஓடக்கூடிய பொருளையும் அதில் கொண்டுபோய்க் கொட்டு என்கிறீர்களா?

பொறுத்தருள வேண்டும், குரல் சற்று உயர்ந்துவிட்டது. சமுகத்தின் கருணை கடலினும் பெரிது என்பதை அறியாதவர்கள் அல்லர் நாங்கள்.

கையெழுத்துப் பூட்டு, போலிக் கார்டுகளைத் தடுக்கத்தான் என்று ஒரு சமாதானம் உண்டு. மலிவுக் கார்டின் பயோஸை மாற்றி எழுதி 1050 என்று விற்றவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பலகையோடு பற்றவைத்த பழைய மடிக்கணினி சிப்பைப் பெயர்த்தெடுத்து, வேறு பெயர் சூட்டி, எந்தப் போலி வியாபாரி பிழைக்கப் போகிறான்? ஆகவே பாஸ்கலின் வேகத்தை உயர்த்தும் ஃபர்ம்வேரைக் கையெழுத்தோடு வெளியிட உத்தரவாக வேண்டும். இன்றே என்றுகூடக் கேட்கவில்லை. பாதுகாப்புத் திருத்தமும் நிற்கப்போகிற 2028 அக்டோபர் என்றாலும் சம்மதம். தேதியை மட்டும் இப்போதே எழுத்தில் தந்துவிடுங்கள். மிச்சத்தைச் செய்ய ஆள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
1050-ஐ இன்னும் அணைக்காதவர்கள் சார்பில்,
தங்கள் கீழ்ப்படிந்துள்ள வாடிக்கையாளர்