கேளுங்கள், சொல்கிறோம்

*வாசகர் ஒருவர், அரியாலை*

கேள்வி: உதைபந்தாட்டம் பார்க்கத் துரையப்பா விளையாட்டரங்குக்குப் போகிறோம். அந்தத் துரையப்பா விளையாட்டு வீரரா?

பதில்: இல்லை, சட்டத்தரணி! அந்தக் காலத்துப் பேச்சில் 'பிறக்கிராசி'. அல்பிரட் துரையப்பா 1960இல் யாழ்ப்பாணத்தின் நாடாளுமன்ற உறுப்பினரானார், அதுவும் சுயேச்சையாக நின்று. 1970இல் 56 வாக்குகளில் தோற்றார். ஒரு வாக்கில் என்ன வந்துவிடப் போகிறது என்று தேர்தலன்று வீட்டில் படுத்திருப்பவர்கள் இந்த எண்ணை மனப்பாடம் செய்யட்டும். பிறகு மாநகர முதல்வராக இருந்தார்.

கேள்வி: அவரைப் பற்றி இன்றும் இரண்டு கருத்து இருக்கிறதே?

பதில்: இருக்கிறது. 1974 ஜனவரி 10இல், யாழ்ப்பாணத்தில் நடந்த தமிழாராய்ச்சி மாநாட்டின் முடிவில் உயிர்கள் பறிபோனபின், முதல்வராக இருந்த அவர்மீது கோபம் மூண்டது. 1975 ஜூலை 27இல் பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டத்தரணிக்கும் எதிர்வாதம் உண்டு. தோட்டா அதைக் கேட்பதில்லை. அந்தக் கொலை தவறு.

கேள்வி: அரங்கால் ஊருக்கு என்ன பயன்?

பதில்: போரில் முடங்கிக் கிடந்த அரங்கு, இந்திய உதவியுடன் புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூன் 18இல் திறக்கப்பட்டது. வாக்குச்சாவடியில் ஆளுக்கொரு கட்சியாய்ப் பிரிகிற நாங்கள், பந்து வலைக்குள் போனால் ஒன்றாகத்தானே துள்ளுகிறோம்! உங்கள் அரியாலைப் பிள்ளைகளுக்கு மைதானமும் காலணியும் பயிற்சியாளரும் கிடைக்க வழிசெய்யுங்கள். பெயர்ப்பலகையை விட அதுதான் ஊரில் நிலைக்கும்.