சராசரியாரின் தீர்ப்பு

காப்புரிமைச் சட்டத்தில் ஒரு விசித்திரப் பிறவி உண்டு: 'துறையில் சராசரித் திறனுள்ளவர்'. வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகள் அத்தனையும் படித்திருப்பார். புதிதாக எதையும் கண்டுபிடிக்கமாட்டார். சாட்சிக் கூண்டில் ஏற்ற ஆள் கிடையாது, ஆனால் வழக்கே இவர் தலையில்தான் நிற்கும்: இவருக்கே எளிதில் தோன்றியிருக்கும் என்றால் அதற்குக் காப்புரிமை கிடையாது.

அமெரிக்காவில் ஃபைசர் மாட்டியது இவரிடம்தான். இரத்த அழுத்த மருந்தான அம்லோடிபினின் மேலியேட் உப்பு நிலைத்து நிற்கவில்லை. மாத்திரை அடிக்கும் இயந்திரத்தில் வேறு ஒட்டிக்கொண்டது. பெசிலேட் உப்புக்கு மாறினார்கள், தொல்லை தீர்ந்தது. காப்புரிமையும் வாங்கினார்கள். போட்டி நிறுவனமான அப்போடெக்ஸ் 1977-இல் வந்த ஒரு கட்டுரையை நீட்டியது. அதில் மருந்து உப்புகளுக்கு அனுமதி பெற்ற 53 எதிரயனிகள். பெசிலேட்டும் ஒன்று, பயன்பாடு வெறும் 0.25 சதவீதம். சந்தையே சீந்தாத சரக்கு! ஆனாலும் மேலியேட் மக்கர் செய்தால் சராசரியார் பட்டியலைப் புரட்டி அதையும் சோதித்துப் பார்த்திருப்பார் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்த ஃபைசர் இங்கே தோற்றது.

தீர்ப்பு வந்தது 2007 மார்ச் 22. காப்புரிமைக்கு மூன்றே நாள் ஆயுள் பாக்கி; அதற்குமேல் இருந்தது, குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியதற்குக் கிடைத்த ஆறு மாதச் சலுகை மட்டும்.